டேப்லெட் கண் விழிக்கும்வரை ஒரு கோலோ

எங்கள் மாச்வா சமவெளியில் லூபிங்காவின் குரலைத் தெரியாதவர் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை தண்ணீர்க் கட்டணம் கட்டும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது, உங்கள் வீட்டுக் குழாய்தான் ஒழுகுகிறது என்று நாள் முழுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். சனி, ஞாயிறு வந்தால் அதே ஆட்களின் பிள்ளைகள் கல்யாணத்தில் மேடையேறிப் பாடுவாள். வெள்ளிக்கிழமை ஜன்னலில் கத்திவிட்டுப் போனவன் சனிக்கிழமை அவள் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விடுவான்; மேடைக்கே வந்து கையைப் பிடித்து முத்தமிடுவான். இரண்டையும் அவள் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்வாள்.

நான் அவளுக்கு அக்கார்டியன் வாசிக்கிறவன். பெயர் திஹோமிர். டிரம்ஸ் வாசிப்பவன் ஓப்ரென். நாங்கள் மூன்று பேர், ஒரு பழைய வேன், இவ்வளவுதான் எங்கள் குழு.

லூபிங்காவுக்கு ஒரே ஒரு குறை உண்டு. மெட்டு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே பதிந்துவிடும். சொற்கள் மட்டும் தங்காது. பள்ளிக்கூடத்தில் கவிதை ஒப்பிக்கச் சொன்னால் அதை ராகமாக முனகிவிட்டு உட்கார்ந்துவிடுவாளாம். கல்யாணப் பதிவாளர் கேட்ட கேள்விக்கு 'ஆமாம்' என்கிற ஒற்றைச் சொல்தான் பதில் என்பதால் தனக்குக் கல்யாணமே நடந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பாட வந்த புதிதில் ஒரு விருந்தில், முதல் சரணத்தில் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போன மில்காரன் மகளுக்கு இரண்டாம் சரணத்தில் அமர்க்களமாகக் கல்யாணம் செய்துவைத்துவிட்டாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் கைக்குட்டையை வைத்திருப்பதா மடிப்பதா என்று புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடினாள். காகிதத்துக்குக் காற்றுதான் எமன். ஒரு திறந்தவெளிக் கல்யாணத்தில் எங்கள் பாட்டுகளையெல்லாம் காற்று அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்துப் பன்றிப்பட்டியில் கொட்டியது. அன்றைக்கு நாங்கள் பாடியதெல்லாம் பன்றிகள் தின்றது போக மிச்சம்தான் என்று ஓப்ரென் இன்னமும் சொல்லிக்காட்டுவான். அதோடு காகிதத்தை விட்டுவிட்டு டேப்லெட் வாங்கினாள். தண்ணீர்க் கட்டண ஜன்னலில் ஆள் இல்லாத நேரங்களில் ஒவ்வொரு பாட்டாகத் தட்டித் தட்டி ஏற்றினாள். எழுநூறு பாட்டுக்கு மேல் இருக்கும். வேறு எங்கேயும் ஒரு பிரதி கிடையாது. ஏதோ ஒரு இடத்தில் தானாகவே சேமிப்பாகிறது என்று அவள் மகள் சொல்லியிருந்தாளாம். அதற்கான கடவுச்சொல்லும் ஒரு சொல்தானே, அதையும் மறந்துவிட்டாள்.

போன செப்டம்பரில் உக்லேஷா என்கிற பையனுக்கும் டுன்யா என்கிற பெண்ணுக்கும் கல்யாணம். காலையில் பெண் வீட்டு முற்றத்தில் வாசித்தோம். டேப்லெட் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விட்டு, அங்கிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தோம். சோளக்கொல்லை ஓரமாகப் பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள். வழியில் சார்ஜ் மிச்சமாகட்டும் என்று லூபிங்கா டேப்லெட்டை அணைத்துவைத்திருந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் கூடாரத்துக்குள் நுழைகிறார்கள், நான் வரவேற்பு மெட்டை வாசிக்கிறேன், அவள் டேப்லெட்டைத் தாங்கியில் வைத்துப் பொத்தானை அமுக்குகிறாள். கம்பெனிச் சின்னம் வந்தது. ஒரு தடவை உதறியது. இருண்டது. மறுபடி சின்னம் வந்தது, மறுபடி இருண்டது.

ஓப்ரென் தன் மொபைலை நீட்டி, "அக்கா, இத பாத்துப் பாடு" என்றான்.

அந்த வயல்வெளியில் சிக்னல் வருவதே பெரும்பாடு. முதல் சரணம் வந்தது. அதன் கீழே இருந்ததையும் லூபிங்கா உருகி உருகிப் பாட ஆரம்பித்தாள். டிராக்டர் டயருக்கு இந்த வாரம் மட்டும் தள்ளுபடி என்கிற இடத்தில்தான் அது விளம்பரம் என்று அவளுக்கு உறைத்தது. விருந்தாளிகள் ஏதோ புதுப் பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். இரண்டாம் சரணம் வரவே இல்லை.

அவள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"திஹோ, கோலோ போடு. நான் வர்ற வரைக்கும் நிறுத்தாத."

"எவ்வளவு நேரம்க்கா?"

"அத என்கிட்ட கேக்காத, இதுகிட்ட கேளு" என்று டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகைக்கு ஓடினாள்.

கோலோவுக்குச் சொல் தேவையில்லை. அக்கார்டியனும் டிரம்ஸும் போதும். ஜனங்கள் கைகோத்து வரிசையாகச் சுற்றி வருவார்கள். நான் இழுக்க ஆரம்பித்ததும் வரிசையின் முன்னால் பெண்ணின் அத்தை பெர்சிதா போய் நின்றுகொண்டாள். நல்ல ஆகிருதி, சிவப்பு உடை, சளைக்காத கால். அதைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் சித்தப்பா வித்தோமிர், தட்டை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரிசையின் வால் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டார். தலை பெண் வீட்டுக்கு, வால் மாப்பிள்ளை வீட்டுக்கு. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் முதலில் கையை விட்டு விலகுகிற வீட்டுக்குத்தான் தோல்வி என்பது கூடாரம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

மேடையிலிருந்து திரும்பினால் சமையல் கொட்டகை நேராகத் தெரியும். அங்கே லூபிங்காவைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் சார்ஜர் கொண்டுவந்தார். இன்னொருவர் அது சரியில்லை என்று வேறு சார்ஜர் கொண்டுவந்தார். வெயிலில் சூடேறிவிட்டது என்று ஒருத்தி சொல்ல, பீர் வைத்திருந்த குளிர்பெட்டிக்குள் கொஞ்ச நேரம் வைத்தார்கள். இப்போது சில்லிட்டுப்போயிற்று என்று வேறொருத்தி சொல்ல, ரொட்டி அடுப்புப் பக்கம் கொண்டுபோனார்கள். தலைமைச் சமையல்காரிக்குக் கோபமான கோபம். சூப் ஆறுகிறது, அதைக் கேட்க ஒரு நாதியில்லை, இந்தப் பலகைக்கு மட்டும் இவ்வளவு உபசாரமா என்று கரண்டியோடு நடமாடிக்கொண்டிருந்தாள். பாதிரியார் வந்தார். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு முப்பது எண்ணினால் தன்னுடைய மொபைலுக்குச் சரியாகும் என்றார். கொட்டகையே சேர்ந்து எண்ணியது. முப்பது வந்ததும் எல்லோரும் சந்தோஷமாகக் கைதட்டினார்கள். டேப்லெட் கறுப்பாகவே இருந்தது.

அப்புறம் ராதிசாவ் வந்தார். அவர்தான் அந்தக் கல்யாணத்தின் கூம். மாப்பிள்ளைக்குச் சாட்சி நிற்கிறவர் அவர். அன்றைக்கு அவர் சொல்லை யாரும் தட்ட முடியாது. ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். தோளில் பூ வேலைப்பாடு செய்த மரக்குடுவையில் ரக்கியா என்கிற பழச் சாராயம், சட்டையில் ரோஸ்மேரிக் கொத்து, முகம் நிறைய தன்னம்பிக்கை.

"ஸ்டார்ட் ஆகாத வண்டி எத்தனையோ பாத்திருக்கேன். கொடு இங்க" என்று வாங்கினார்.

அவர் எப்படியோ அமுக்கியதில் சின்னம் போய், கறுப்புத் திரையில் பொடிப்பொடியாக ஆங்கில வரிகள் வந்தன. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வரியின் மேல் நீலப் பட்டை ஒன்று இருந்தது. யாரும் தொடாமலே அது மேலே மேலே ஓடியது. உச்சிக்குப் போனதும் அடியிலிருந்து மறுபடி கிளம்பியது. இதுவும் கோலோ ஆடுகிறது என்று யாரோ சொல்லிவிட, கொட்டகையில் சிரித்து அடங்குவதற்குள் என் விரல்களில் பாதி மரத்துப்போயிற்று.

பாதிரியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு வரி மறுபடி தொடங்கச் சொல்வது. இன்னொரு வரி, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடுவது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரி. துடைக்கிற வரியைக் கேட்டதும் லூபிங்கா டேப்லெட்டுக்குக் கையை நீட்டினாள். ராதிசாவ் அசரவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் போல, பட்டை சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று பொத்தானை அமுக்கினார். அதிர்ஷ்டம், மறுபடி தொடங்கும் வரியில் விழுந்தது. டேப்லெட் அணைந்து, எழுந்து, அதே வரிகளுக்கே வந்து நின்றது. மறுபடி அமுக்கினார். இந்தத் தடவை துடைக்கிற வரிக்கு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தது.

"கூம் அண்ணே, போதும். குடுத்திருங்க" என்று லூபிங்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பயப்படாதம்மா. எனக்கு ரிவர்ஸும் எடுக்கத் தெரியும்."

இதற்குள் கூடாரத்தில் கோலோ நீண்டுபோயிருந்தது. மேசைகளுக்கு நடுவில் இடம் போதாமல் பெர்சிதா வரிசையை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பிளம் மரங்களைச் சுற்றிச் சோளக்கொல்லை ஓரமாகப் போனார்கள். கொஞ்ச நேரம் எனக்கு ஆளே தெரியவில்லை. கூடாரத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, போயிட்டாங்கன்னு நெனைக்கிறேன். நிறுத்திரலாமா?" என்றான் ஓப்ரென்.

"நிறுத்தினா அக்கா உன் தோலை உரிச்சு டிரம்முக்குப் போட்டிருவா. வாசிடா."

கொல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வரிசை திரும்பி வந்தபோது இரண்டு பேர் கூடுதலாக இருந்தார்கள். ஒருவர் பக்கத்து வயலில் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தவர். இன்னொருத்தி பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி; இடுப்பில் அண்டாவோடு ஆடிக்கொண்டிருந்தாள். மணப்பெண் செருப்பைக் கழற்றி எறிந்திருந்தாள். வால் முனையில் வித்தோமிர் பீட்ரூட் நிறத்தில் இருந்தார், ஆனால் பிடி தளரவில்லை.

அப்படியே வரிசை சமையல் கொட்டகைக்குள் நுழைந்தது. கூம் ஆடாமல் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்த பெர்சிதாவுக்குப் பொறுக்கவில்லை. போகிற போக்கில் அவர் இடது கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு அடுத்ததாகச் சேர்த்துக்கொண்டாள். வலது கையில் டேப்லெட் இருந்ததால் அவருக்கு அடுத்த ஆள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். ராதிசாவ் டேப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஆடிக்கொண்டே போனார். அவர் கட்டைவிரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே துள்ளிக்கொண்டிருந்தது.

லூபிங்கா பின்னாலேயே ஓடினாள். கொடுங்கள், அமுக்கிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். டிரம்ஸ் சத்தத்தில் அவர் காதில் எதுவும் விழவில்லை. ஓடிக்கொண்டே எட்டிப் பிடிக்கவும் முடியவில்லை, மேடைக்குப் போட்ட உயர்ந்த குதிகால் செருப்பு புல்லில் புதைந்தது. இரண்டையும் உதறினாள். முழங்கையைப் பிடித்திருந்தவனின் பிடியை விலக்கி நடுவில் புகுந்து, வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

இத்தனை வருடம் அவளோடு மேடையில் நின்றிருக்கிறேன். அவள் கால்களை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும். பாடுகிறவள் ஆட முடியாது, அதனால் அவளுக்கு ஆட்டம் வருமா என்றுகூட நாங்கள் யோசித்ததில்லை. முதல் நான்கைந்து அடி தடுமாறினாள். அப்புறம் கால்கள் தாமாகவே தாளத்தைப் பிடித்துக்கொண்டன. எங்கள் ஊரின் பழைய அடவு, பொடிப்பொடியாக, குதிகால் தரையில் படுவதே தெரியாமல். இடுப்புக்கு மேலே ஆள் அசையவில்லை. தலையில் தளும்பத் தளும்ப ஒரு கோப்பை வைத்திருந்தாலும் சிந்தியிருக்காது. கீழே கால் மட்டும் மழைத்துளி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஓப்ரென் என்னைப் பார்த்தான், நான் ஓப்ரெனைப் பார்த்தேன். இரண்டு பேரும் தெரியாமலே வேகத்தைக் கூட்டியிருக்கிறோம்.

ஆடிக்கொண்டே அவள் கை டேப்லெட்டை எட்டிப் பிடித்தது. பிறகு நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். ஓரத்தில் சத்தத்தைக் கூட்டும் பொத்தான் விரலில் தட்டுப்பட்டதாம். மேலே துருத்திக்கொண்டிருக்க வேண்டியது உள்ளே போய் அப்படியே நின்றிருந்தது. விரல் பிசுபிசுத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"பக்லாவா" என்றாள்.

"எங்க?" என்று ராதிசாவ் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பசி.

"இதுலதாண்ணே. காலைல பொண்ணு வீட்டுல பக்லாவாத் தட்ட இதுமேலதான் வெச்சேன். பாகு ஒழுகிப் பொத்தான் ஒட்டிக்கிச்சு. யாரோ அமுக்கிக்கிட்டே இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு இது பைத்தியமாச் சுத்துது."

சிரிப்பு அவளுக்கு அங்கேதான் வந்தது. ஆடிக்கொண்டு சிரித்தால் மூச்சு எங்கே இருக்கும். கண்ணில் தண்ணீர் வழிய, இருந்தாலும் கால் நிற்காமல், ராதிசாவின் தோளில் தொங்கிய குடுவையை இழுத்துத் தக்கையைப் பல்லால் பிடுங்கினாள். அவள் இரண்டு கைக்கும் வேலை வந்துவிட்டதால் இருபக்கத்து ஆட்களும் அவள் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கைக்குட்டை நுனியை ரக்கியாவில் நனைத்தாள். அதில் பாதி ராதிசாவின் சட்டையில் கொட்டியது. கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கைக்குட்டையைச் சுற்றி, டேப்லெட்டின் ஓரத்தை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். எங்கள் பக்கத்து ரக்கியா பாகை மட்டுமல்ல, பெயிண்டையே கரைக்கும். கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் பொத்தான் 'டிக்' என்று மேலே எழும்பியது.

அவள் டேப்லெட்டை முடுக்கினாள். சின்னம் வந்தது. உதறவில்லை, இருளவில்லை. கொஞ்ச நேரத்தில் நீல வெளிச்சம் திரை முழுக்கப் பரவியது. லூபிங்கா டேப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கி எங்களுக்குக் காட்டினாள். கூடாரம் முழுக்க ஒரு ஆரவாரம் எழுந்தது.

எனக்கு உயிர் வந்தது. விரல்கள் என்னுடையவை மாதிரியே இல்லை, தோள்பட்டை தீயாக எரிந்தது. மெட்டை முடிவுக்குக் கொண்டுவர மெதுவாக இழுத்தேன். வரிசை மேடையருகே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். தலைமுடி கலைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவள் கண்ணை உருட்டி, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். இன்னொரு சுற்று என்று அர்த்தம். டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடையைத் தாண்டிப் போய்விட்டாள்.

வாசித்தேன். திரும்பி வந்தாள். ஜாடை காட்டினேன், பார்க்காதவள் மாதிரி மணப்பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த சுற்றில் டேப்லெட்டையே காணோம். போகிற வழியில் ஒரு மேசையில், சாலட் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இந்தப் பெண்ணுக்காகவா இவ்வளவு நேரம் செத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஓப்ரென் கேட்டான்.

கடைசியில் தலைமைச் சமையல்காரிதான் முடித்துவைத்தாள். பெரிய அண்டாவைக் கரண்டியால் அடித்துக்கொண்டு வரிசைக்குக் குறுக்கே வந்து நின்றாள். சூப்பை மூன்றாம் தடவை சூடாக்கியாயிற்று, நான்காம் தடவை தன்னால் ஆகாது என்றாள். அப்போதும் தலையும் வாலும் கையை விடவில்லை. பாதிரியார் நடுவில் வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, இருவரும் ஒரே நேரத்தில் விடுவதாக ஏற்பாடு. விட்டார்கள். வித்தோமிர்தான் இரண்டிலேயே விட்டார் என்று பெர்சிதா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். அவரும் அவளைப் பற்றி அப்படியேதான் சொல்கிறார்.

லூபிங்கா வெறுங்காலோடு மேடையேறினாள். முதல் பாட்டை எடுத்தாள். டேப்லெட் தெளிவாகத்தான் இருந்தது, மூச்சுதான் இல்லை. பல்லவியிலேயே குரல் உடைந்தது. அனுபல்லவியில் சுருதி ஒரு பக்கம் போக அவள் ஒரு பக்கம் போனாள். வரிகளை விருந்தாளிகளே எடுத்துக் கொடுத்து, ரொட்டியை மென்றுகொண்டே பாடி முடித்தார்கள். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு மோசமாக அவள் பாடி நான் கேட்டதில்லை. அவ்வளவு கைதட்டலையும் கேட்டதில்லை.

இறைச்சி பரிமாறும்போது எங்களுக்கும் இடைவேளை கிடைத்தது. என் விரல்களால் முட்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, அவளே இறைச்சியை நறுக்கிக் கொடுத்தாள். பிறகு கூடாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"திஹோ, இத்தன வருஷமா கீழ இதுவா நடந்துக்கிட்டிருந்துச்சு?"

"எதச் சொல்றக்கா?"

"இதுதான். நாம பாட்டுக்கு மேல நின்னு பாடிக்கிட்டே இருந்திருக்கோம். ஒருத்தரும் சொல்லல பாரு."

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ராதிசாவுக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. டேப்லெட்டைச் சரிசெய்தது அவர்தான் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிவைத்தார். ஓட்டுநர் பள்ளிக்கு இப்போது எழுந்திருக்காத மொபைல்களை எல்லாம் கொண்டுவருகிறார்கள். அவர் குடுவையை எடுத்து எல்லாவற்றுக்கும் ரக்கியா வைத்தியம் செய்கிறார். இரண்டு பிழைத்தன, மூன்று போய்ச் சேர்ந்தன என்று கேள்வி. லூபிங்கா அவரைத் திருத்தவில்லை. பக்லாவாத் தட்டைப் பற்றி யாரும் கேட்காமல் இருப்பதே அவளுக்கு நல்லது.

அவள் இன்னொரு டேப்லெட்டும் வாங்கி, எல்லாப் பாட்டையும் அதிலும் ஏற்றி வேனில் வைத்திருக்கிறாள். கல்யாணம் பேச வருகிறவர்களிடம் இப்போது ஒரு நிபந்தனையும் சொல்கிறாள். முதல் கோலோவுக்குப் பாடகி மேடையில் இருக்க மாட்டாள். சிலர் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். கல்யாணத்தன்று நானும் ஓப்ரெனும் மட்டும் மேடையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பாவோ மாப்பிள்ளையின் அப்பாவோ பதறிக்கொண்டு ஓடிவருவார். பாடகி எங்கே, வரவில்லையா என்று கேட்பார். ஓப்ரென் வாசிப்பை நிறுத்தாமலே குச்சியை நீட்டி வரிசையின் நடுப்பகுதியைக் காட்டுவான். அங்கே தண்ணீர்க் கட்டண ஜன்னல்காரி, நேற்று அவளிடம் மீட்டருக்காகச் சண்டை போட்டவனின் கையைக் கோத்துக்கொண்டு, செருப்பில்லாமல் ஆடிக்கொண்டிருப்பாள்.